மூட்டையை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்

என் உசுருக்கு உசுரான செல்வி அக்காவுக்கு,

எனக்கு வீடு கிடைத்துவிட்டது. நீ இருந்தால், "போடி, கதை வுடாத" என்றிருப்பாய். நிஜமாகத்தான். மாடம்பாக்கம் பக்கம் ஒற்றை அறை, சமையல் மேடை, உள்ளேயே பாத்ரூம். காலி பண்ணு என்ற பேச்சே இல்லை, சின்ன வாடகை கட்டினால் போதும். நாம் படுத்துக்கிடந்த தாம்பரம் ஸ்டேஷன் வாசலுக்கு, வீடில்லாதவர்களைத் தேடி வருவாரே ஜெயா மேடம், அவர்தான் அலையாய் அலைந்து வாங்கிக் கொடுத்தார். மறைமலை நகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலையும் பிடித்துக் கொடுத்தார். நீ இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா, பாவி?

வேலைக்குப் போன முதல் நாளே மானம் போச்சு. பிளாட்பாரத்துப் பழக்கம், எங்கே போனாலும் மூட்டையும் கூட வரணுமே! பாய், பாத்திரம், உன் சிவப்புப் புடவை எல்லாவற்றையும் கட்டித் தூக்கிக்கொண்டு போய் நின்றேன்.

"இன்னாக்கா, ஊருக்குக் கெளம்பிட்டியா?" என்று காய் நறுக்குகிற மல்லிகா சிரித்தாள்.

சமையல்கட்டுக்குள் மூட்டை கூடாதாம். வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, நிமிஷத்துக்கு ஒருதரம் ஓடி ஓடிப் பார்த்தேன். மறுநாளும் அதே கூத்து. சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

"இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வேலைக்கு வராதீங்கம்மா" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேலை போனால் வாடகைக்கு எங்கே போவேன்?

சாயங்காலம் ஜெயா மேடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கதவைப் பூட்டி, சாவியை என் கையில் வைத்தார்.

"இழுத்துப் பாருங்க. நீங்க தொறந்தாத்தான் தொறக்கும்."

இழுத்தேன். அசையவில்லை.

அடுத்த நாள் மூட்டையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். வெறுங்கையோடு நடக்க எவ்வளவு கூச்சமாக இருந்தது தெரியுமா? நாள் முழுக்க நினைப்பெல்லாம் பூட்டின் மேலேயே இருந்தது. ஆனாலும் அடுப்பை விட்டு நகரவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்து கதவைத் திறந்தால், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அப்பாடா! அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

நேற்று ராத்திரி நல்ல மழையாம் அக்கா. எனக்குத் தெரியவே தெரியாது. காலையில் தெரு நனைந்திருப்பதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டில் கேட்டேன். நாம் விடிய விடிய நனைந்துகொண்டு நின்ற மழைதானே உன்னைக் காய்ச்சலில் தள்ளிக் கொண்டுபோனது!

நீ படுத்த இடத்தில் இப்போது வேறொருத்தி படுக்கிறாளாம். ஜெயா மேடம் கூப்பிட்டால், "வூடாவது ஒண்ணாவது" என்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை நானே போகிறேன். அடுத்த மழைக்குள் அவளைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்துவிடுவேன், உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
கல்பனா