அப்பாவின் சனிக்கிழமைகளை வைத்திருந்தவருக்கு

அன்புள்ள சாலமன் அய்யா,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு வெகுநேரம் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கலாமா என்று நினைத்தேன், அடிக்கவில்லை. ஆனால் உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மேல் எனக்குப் பொறாமை. நீங்கள் இருந்தபோதும் இருந்தது, நீங்கள் போன பிறகும் அது போகவில்லை.

நான் மலர்க்கொடி. லண்டனில் உங்கள் வீட்டில் இத்தனை காலம் சமைத்துப்போட்ட கோவிந்தராசுவின் ஒரே மகள். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரத்தநாட்டில் படித்து மாட்டு டாக்டராக இருக்கிறேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அப்பா சொல்லியிருப்பார். சொல்லியிருப்பாரா?

உங்களைப் பற்றி எனக்குச் சொல்லாதது ஒன்றுமில்லை. லீவில் வந்தால் பெட்டியைத் திறப்பதற்கு முன்னாலேயே உங்கள் கதையைத் திறந்துவிடுவார். உங்கள் அப்பா உயிருக்குப் பயந்து வேறு தேசத்திலிருந்து ஓடிவந்த தையல்காரர். அவர் தைத்த கோட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய பிள்ளை நீங்கள். அப்புறம் சொந்தத் தையல்கூடம், அப்புறம் ஆலை, அப்புறம் ஊரெல்லாம் உங்கள் கடை. பிறகு நகரசபை, மேயரின் சங்கிலி, பாராளுமன்றம். ஒரு தேர்தலில் தோற்ற அன்று, ஜெயித்தவர் வீட்டுக்கே போய்க் கைகொடுத்துவிட்டு வந்து, சமையலறையில் உட்கார்ந்து, "இன்னிக்கு ரசம் வை கோவிந்த், காரமா வை" என்றீர்களாம். இதை அப்பா சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். என்னவோ அவரே தோற்றுவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டினீர்கள். உங்கள் அப்பாவைப்போல ஓடிவந்தவர்கள், எந்த மதமானாலும், தங்குவதற்கு வீடுகள் கட்டினீர்கள். கட்டியதிலெல்லாம் வாசலிலேயே பெரிதாக உங்கள் பெயர். அதில் உங்களுக்குக் கூச்சமே கிடையாதாம். "குடுத்தவன் பேரு கண்ணுல பட்டாத்தான் பாக்குறவனுக்கு ரோஷம் வரும், அவனும் குடுப்பான்" என்பீர்களாம். பொறாமையை உரமாகப் போடலாம் என்று தெரிந்துவைத்திருந்தீர்கள். எனக்கு அந்த வித்தை கைவரவில்லை. என்னிடம் அது வெறும் களையாகத்தான் மண்டிக் கிடந்தது.

"யூதருன்னா நம்மள்ல யாரு மாதிரிடா?" என்று அத்தை ஒருமுறை அப்பாவைக் கேட்டாள். சாதியைத்தான் சுற்றி வளைத்துக் கேட்டாள். "சனிக்கிழமை அடுப்பு மூட்டாதவங்க" என்றார் அப்பா. "பாலும் கறியும் ஒரே சட்டியில தொடாதவங்க." சொன்னதோடு நின்றாரா? அந்த லீவு முழுக்க எங்கள் வீட்டில் தயிர்ப் பாத்திரம் ஒரு பக்கம், கறிச்சட்டி ஒரு பக்கம். "இது என்ன புதுக் கூத்து!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமைதான் எனக்கு எதிரி. வெள்ளி பொழுதுசாய்ந்தால் மறுநாள் பொழுதுசாயும்வரை நீங்கள் நெருப்பைத் தொடமாட்டீர்கள், விளக்கைப் போடமாட்டீர்கள். இன்னொருவரைப் போடச் சொல்லி வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. அதனால், "அறை இருட்டா இருக்கு" என்று பொதுவாக ஒரு பேச்சுப் பேசுவீர்கள். அப்பா எழுந்துபோய் ஸ்விட்சைத் தட்டுவார். "குளிரு கூடிடுச்சு" என்பீர்கள். அப்பா ஹீட்டரைப் போடுவார். மற்ற நாட்களில் அப்பா சமைக்கிற அடுப்பை நீங்கள் பற்றவைத்துக் கொடுப்பீர்கள், யூதர் மூட்டிய அடுப்பில் வெந்ததைத்தான் சாப்பிடலாம் என்பது உங்கள் முறை. சனிக்கிழமை உங்கள் விளக்கை அவர் போடுவார். போகப்போக நீங்கள் பேசவே வேண்டியதில்லையாம். "அவரு செருமுறதுலயே தெரிஞ்சிடும் எனக்கு" என்று பெருமையடித்துக்கொள்வார்.

எரியாதா எனக்கு? ஞாயிற்றுக்கிழமை போனில் நான் போடாத சாடையா? "ஆண்டு விழாவுக்கு எல்லாரோட அப்பாவும் வர்றாங்கப்பா" என்பேன். "அப்படியா, நல்லா ஆடும்மா" என்பார். "அம்மாவுக்கு முழங்கால் வலிப்பா, மாடி ஏற முடியல" என்பேன். "தைலம் அனுப்புறேன்" என்பார். உங்கள் செருமலுக்கு அர்த்தம் தெரிந்த மனிதருக்கு என் அழுகைக்கு அர்த்தம் தெரியவில்லை.

நீங்கள் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? ஏதோ குழுவோடு இந்தியா வந்தவர், பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, கோவிந்தின் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து வந்தீர்கள். அம்மா இலை போட்டு, வகை வகையாகச் சமைத்துக் காத்திருந்தாள். நீங்கள் ஒரு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டு, இளநீர் குடித்துவிட்டு, போதும் என்று கும்பிட்டீர்கள். நீங்கள் எங்கள் பாத்திரத்தில் சாப்பிட முடியாது என்பதை அம்மாவிடம் சொல்ல அப்பா மறந்துபோயிருந்தார். உங்கள் வீட்டிலேயே இருந்து இருந்து, அது ஊர் உலகத்துக்கே தெரிந்த சங்கதி என்று நினைத்துவிட்டார் போல.

"பெரிய மனுசரு நம்ம வீட்ல கை நனைக்க மாட்டாராங்க?" என்று அம்மா உள்ளே போய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இனி இந்த வீட்டில் உங்கள் புராணம் எடுபடாது என்று கணக்குப் போட்டேன்.

நீங்கள் விட்டீர்களா? கடைத்தெருவிலிருந்து புது மண்சட்டி ஒன்று வாங்கிவரச் செய்தீர்கள். அந்தக் கோட்டு சூட்டோடு எங்கள் சமையலறைக்குள் குனிந்து வந்து, தீப்பெட்டி வாங்கி நீங்களே அடுப்பைப் பற்றவைத்தீர்கள். "இனிமே நீங்க சமைக்கலாம்னு சொல்றாரு" என்றார் அப்பா. அம்மா சோறு வடித்தாள். சட்டியிலிருந்து நேரே இலையில் போட்டு, உப்பைத் தூவி, வெறும் சோற்றைச் சப்புக்கொட்டித் தின்று தீர்த்தீர்கள். "இப்படி அரிசியை நான் தின்னதே இல்லைங்கிறாரு." அவ்வளவுதான், அம்மாவும் உங்கள் கட்சிக்குப் போய்விட்டாள். "தங்கமான மனுசன்டி" என்று சாகும்வரை சொன்னாள்.

அவள் செத்தது ஒரு சனிக்கிழமை. ஐப்பசி அடைமழை. காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நான் அப்பாவுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். போன் அணைந்துகிடந்தது. நீங்கள் அவரை அணைக்கச் சொல்லவில்லை, தெரியும். உங்கள் ஓய்வுநாளில் மணியடித்தால் உங்கள் மனம் சங்கடப்படும் என்று அவராகவே அணைத்து மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார். உங்கள் ஊரில் பொழுதுசாய்ந்த பிறகுதான் அவருக்குச் சேதியே தெரிந்தது. மழையில் விமானம் தள்ளித் தள்ளிப் போய், அவர் வந்து சேர்ந்தபோது எலும்பு பொறுக்கியாகிவிட்டது. சுடுகாட்டில் ஈரச் சாம்பலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரோடு பேசவில்லை. உங்களைத் திட்டினேன், மனதுக்குள், வாய் ஓயாமல்.

பிறகு நீங்கள் நோயில் விழுந்தீர்கள், அப்பா உங்கள் கட்டிலோடு கட்டிலாக இருந்தார். அம்மாவின் தெவசத்துக்கு ஒரு வருஷம்கூட அவரால் வர முடியவில்லை. சென்ற கார்த்திகையில் நீங்கள் போனீர்கள். அப்பா மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். இந்த ஐப்பசியில் அம்மாவுக்கு அவர் கையால் எள்ளும் தண்ணீரும் கிடைக்கும் என்று நான் நாளெண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது உங்கள் மகள் போன் செய்தார். உங்கள் சமாதிக்கல்லைத் திறந்துவைக்கிறார்களாம், கோவிந்த் இல்லாமல் முடியாதாம். நாள் சொன்னார். அப்பா சரியென்று சொல்லிவிட்டு, காலண்டரைப் பார்க்காமலே பெட்டியை இறக்கிவிட்டார். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அது அம்மாவின் திதி. செத்தும் கேட்கிறீர்களே அய்யா, உங்களுக்குப் போதவே போதாதா?

நான் போகாதீங்க என்று சொல்லவில்லை. உங்கள் வழியையே பிடித்தேன். "ஐயரு இந்த வருசம் சீக்கிரம் வரச் சொல்லியிருக்காரு" என்றேன். அப்பா சட்டையை மடித்தார். "அம்மா போட்டோவுக்கு மாலை சொல்லணும்" என்றேன். ஸ்வெட்டரைத் தேடினார். வெளியே வயலெல்லாம் தண்ணீர் கட்டி, நட்ட சம்பா மூழ்கிவிடுமோ என்று ஊரே கவலையில் இருந்தது. எனக்கு வயிறெரிந்தது. கடைசியில் சொன்னேன்: "வீடு ரொம்ப இருட்டா இருக்குப்பா."

பழக்கம் விடுமா? சட்டென்று எழுந்து போனார். ஸ்விட்சில் கை வைத்த பிறகுதான் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்தார்.  பிறகு திரும்பி காலண்டரைப் பார்த்தார்.

"நீ ஏம்மா அவரு மாதிரி பேசுற?"

"அப்படிப் பேசினாத்தானே உங்களுக்குக் காது கேக்குது."

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். "அவரு வாய்விட்டுக் கேக்கக் கூடாது, அது அவங்க வேதக் கட்டுப்பாடு. அதனால நான் காதைத் தீட்டி வச்சுக்கிட்டு இருந்தேன். உனக்கு யாரு கட்டுப்பாடு போட்டா? என்னிக்காவது ஒருநாள் 'வந்துடுங்கப்பா'ன்னு கேட்டிருக்கியா?"

"கேட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

அவர் பொய் சொல்லவில்லை. "தெரியலம்மா. நீ கேக்கலியே" என்றார்.

"போகாதீங்கப்பா" என்றேன். அதைச் சொல்ல எனக்கு இத்தனை வயதாயிற்று. "சரிம்மா" என்றார், ஏதோ கடைக்குப் போகவேண்டாம் என்று சொன்னதுபோல. மடித்ததையெல்லாம் வெளியே எடுத்தார். பெட்டிக்கடியில் அவருடைய பழைய போன் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார்.

அம்மா காரியம் முடிந்து அவர் லண்டன் திரும்பிய முதல் சனிக்கிழமை, போனை இழுப்பறையில் போடப் போனவரை நீங்கள் தடுத்தீர்களாம். "இனிமே அது என் சாப்பாட்டு மேசையிலயே இருக்கட்டும் கோவிந்த், சத்தத்தோட" என்றீர்களாம். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்கள் ரொட்டிக்கும் மெழுகுவர்த்திக்கும் பக்கத்தில் என் அப்பாவின் போன் இருந்திருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும், "வீடு ரொம்ப அமைதியா இருக்கு" என்பீர்களாம்.

"அப்படின்னா என்னப்பா?"

"உன் மக ஏன் இன்னும் கூப்பிடலன்னு அர்த்தம்."

சனிக்கிழமை அடித்தால் எடுக்கமாட்டார்கள் என்று நான் முடிவுகட்டியிருந்தேன் அய்யா. "ஏன்பா சொல்லல?" என்றேன். "நீயா அடிப்பேன்னு பாத்தோம்" என்றார். பாத்தோமாம். அந்தப் 'பாத்தோம்' என்பதில் நீங்களும் இருக்கிறீர்கள். நான் கூப்பிடுவேன் என்று என் அப்பாவோடு உட்கார்ந்து காத்திருந்திருக்கிறீர்கள். இதற்கு நன்றி சொல்வதா, அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது நானில்லையே என்று இன்னும் எரிவதா? இரண்டையும்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

அம்மாவின் திதி நல்லபடி நடந்தது. காவிரி கரைமுட்டப் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் அப்பா அவள் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்து நிற்கும்போதே, "இன்னொரு பேரு இருக்கு சாமி" என்றார்.

"சொல்லுங்கோ."

"சாலமன்."

ஐயர் ஏறிட்டுப் பார்த்தார். "கோத்திரம்?"

அப்பா முழித்தார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. ஐயருக்கு அடுத்த ஆள் காத்திருந்தார். "தெரியலேன்னா சிவகோத்திரம்னு சொல்லிடுங்கோ" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. சாடையும் காட்டவில்லை. ஆனால் எனக்கு விளங்கிவிட்டது. முதல் தடவையாக அவர் கேளாமலே நான் கொடுத்தேன். சரியென்று தலையை ஆட்டினேன்.

உங்கள் வேதம் இதை ஒப்புமோ ஒப்பாதோ, கோபமிருந்தால் அப்பாவிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுடையதும் சிவகோத்திரம்தான். ஒரே கோத்திரமென்றால் எங்கள் ஊர்க் கணக்கில் நீங்கள் எனக்குப் பங்காளி. பங்காளிக் காய்ச்சல் என்று எங்கள் பக்கம் ஒன்று உண்டு. மாடு கன்றுகளுக்கு அது வந்து நான் பார்த்ததில்லை, மனிதருக்குத்தான் வரும், வந்தால் லேசில் இறங்காது. இத்தனை வருஷம் எனக்கு என்ன நோயென்று தெரியாமல் கிடந்தேன், இப்போது பெயராவது தெரிந்தது.

சம்பா பிழைத்துக்கொண்டது. தை அறுவடை முடிந்ததும் அப்பாவை உங்களிடம் நானே அழைத்து வருகிறேன். உங்கள் கல்லறையில் பூ வைப்பதில்லை, சின்னக் கல்தான் வைப்பார்களாம். எங்கள் வண்டல் மண்ணில் கல்லுக்கு எங்கே போவது? அம்மாவின் அம்மியைக் கொத்தியபோது தெறித்த சில்லு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன், உங்களுக்குச் சோறு வடித்தவள் வீட்டுக் கல். அதை வைத்துவிட்டு, நீங்களும் அவரும் பேசுகிறவரை தள்ளி நின்றுகொள்கிறேன். திரும்பும் டிக்கெட் என் கைப்பையில் இருக்கும். உங்களைப் பார்க்க வருவது ஞாயிற்றுக்கிழமையில்தான். அப்பாவின் சனிக்கிழமை இனிமேல் எனக்கு.

இப்படிக்கு,
காய்ச்சல் இறங்காத உங்கள் பங்காளி,
கோவிந்தராசு மகள் மலர்க்கொடி