இருபத்தொன்றில் ஏறி ஏழில் இறங்கணும்

27.1.97
ராயப்பேட்டை

அன்பு மகன் காஷிஃபுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் நானும் உன் தங்கை ஜஹீதாவும் சுகம், அத்தாவின் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க இருக்கப்போகிறது, நீ அந்தச் சிகாகோ குளிரில் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன். நோன்பு பாதி தாண்டிவிட்டது. நீ அங்கே தனியாக ஸஹருக்கு எழுந்து என்ன சாப்பிடுகிறாயோ, வெறும் ரொட்டியோடு நிறுத்தாதே, இரண்டு முட்டையாவது அவித்துக்கொள்.

நேற்று போனில் நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை, அத்தா பக்கத்திலேயே ரிசீவரில் காதை வைக்காத குறையாக நின்றார். அத்தா பாவம், நோன்பு நேரத்துல அவரை ஏன் பாடாப் படுத்துறீங்கம்மா, ஆபரேஷன் முடியட்டும், அப்புறமா சிகரெட்டை மெதுவா விடட்டும் என்றாய். மகனே, மெதுவாக விடுவதற்கு நேரம் இல்லை என்பது உனக்குப் புரியவில்லை. டாக்டர் கஸ்தூரிரங்கன் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். குடலிறக்கம் பெரிசாயிண்டே வரது, குடல் அதுல மாட்டிண்டா மணிக்கணக்குதான், ஆனா இந்த இருமலை வச்சுண்டு வந்தா நான் கத்தியைத் தொட மாட்டேன், நான் தைச்சு அனுப்புவேன், நீங்க வீட்டுக்குப் போய் இருமுவேள், தையல் பிரிஞ்சுடும், தையல்காரருக்கு நான் சொல்லணுமா என்றார். ஆறு வாரம் ஒரு சிகரெட் கூட இல்லாமல் வந்தால்தான் ஆபரேஷன். அத்தா பாண்டி பஜார் கடையில் தைத்த துணி இன்று வரை பிரிந்து வந்ததில்லை, அந்த மனிதர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

சிகரெட்டை விடுவதற்காகக் கையில் ஒட்டிக்கொள்ள நீ அனுப்பிய நிகோடின் பட்டைகளில் என்ன நடந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது, தப்பு என்னுடையது, அதனால் நானே சொல்கிறேன். உன் பெரியப்பா மகன் தஹ்சீன் பெட்டியில் இடம் இல்லை என்று அட்டைப்பெட்டி, உள்ளே இருந்த காகிதம் எல்லாவற்றையும் உங்கள் ஊரிலேயே வீசிவிட்டு, பட்டைகளை மட்டும் மூன்று கட்டாக ரப்பர் பேண்டு போட்டுத் துண்டுக்குள் சுருட்டி வந்தான். உறையின் மேல் 21, 14, 7 மில்லிகிராம் என்று மட்டும் இருந்தது. எதை முதலில் ஒட்டுவது என்று கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை. அதோடு அவன் ஒரு காரியம் செய்திருக்கிறான். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ சிகரெட் ஒளிந்து பிடிக்கிறவன், விமானத்தில் பிடிக்க முடியாதே என்று 21-இல் ஒன்றை எடுத்துத் தன் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறான். தலை சுற்றி, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பக்கத்து சீட்டுக்காரர் மேலும் கொஞ்சம். சாச்சி, அது மருந்து இல்ல, யானைக்குப் போடுற ஊசி என்று என்னிடம் சொன்னான். நான் பயந்துபோய் 21 கட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சிறு பிள்ளைகளுக்கு நோன்பு பழக்கும்போது முதலில் அரை நோன்புதானே வைக்கிறோம், அப்படித்தான் இதுவும் என்று நினைத்து, ஏழில் ஆரம்பித்துப் பதினாலு, பிறகு இருபத்தொன்று என்று நோட்டில் தேதி போட்டு எழுதியும் வைத்தேன். தோலில் ஒட்டுவதால் நோன்பு முறியுமா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டேன், முறியாது, தாராளமாக ஒட்டுங்கள் என்றார்.

ஒரு நாளைக்கு முப்பது பிடிக்கிறவருக்கு ஏழு எந்த மூலைக்கு? சாயங்கால அஸர் தொழுகை நேரத்துக்குள் கை நடுங்க ஆரம்பித்துவிடும். பெருநாள் துணி குவிந்து கிடக்கிற சமயத்தில் ஒருவருடைய ஷெர்வானிக்கு இரண்டு கையும் இடது கையாக வெட்டி வைத்தார். பாங்கு சொன்னதும் கஞ்சியை இரண்டே மடக்கில் குடித்துவிட்டு, தொழுகைக்கு என்று கிளம்புவார். ஆறாம் நாள் எனக்குச் சந்தேகம் வந்து பின்னாலேயே போனேன். பள்ளிவாசலுக்கு முன்னால் பொன்னுரங்கம் பெட்டிக்கடையில் நின்று இழுத்துக்கொண்டிருந்தார், கையில் பட்டை. பொன்னுரங்கம் என்னைப் பார்த்ததும், நான் இன்னா பண்ணட்டும் பாயம்மா, நோன்பு வுட்டதும் மொத ஆளா வந்து நிக்கிறாரு, பட்டைய ஒட்டிக்கினே ஒண்ணு மாத்தி ஒண்ணு இழுக்கிறாரு, இதுல டபுள் கிக்கு கீதுன்றாரு என்றான். அத்தா உடனே, உன் பட்டையில ஒண்ணுமே இல்லடி, நாப்பது வருஷம் பிடிச்சவனுக்கு நீ பால் புட்டி கொடுக்கிறே என்று கோபித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அவர் சொன்னதில் ஒரு கேள்வி இருந்தது. மறுநாள் மூன்று கட்டையும் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். ஏணியைத் தலைகீழா வச்சுட்டேளே அம்மா, பத்துக்கு மேல பிடிக்கிறவர் மேல் படியில ஆரம்பிச்சு இறங்கணும், கொஞ்சமா பிடிக்கிறவா பதினாலுல ஆரம்பிச்சாப் போறும், அவ்வளவா பழக்கமில்லாதவன் இருபத்தொண்ணைத் தொடவே கூடாது, உங்க தஹ்சீனுக்கு ஆனதுதான் ஆகும் என்றார். அத்தாவின் ரத்த அழுத்தமும் நெஞ்சும் பார்த்துவிட்டு, ஆறு வாரம் இருபத்தொன்று, இரண்டு வாரம் பதினாலு, இரண்டு வாரம் ஏழு என்று எழுதிக் கொடுத்தார். பட்டையும் சிகரெட்டும் ஒன்றாகச் சேரவே கூடாது, நெஞ்சுக்கு ஆபத்து என்று இரண்டு முறை சொன்னார். வெட்டிப் பாதியாக ஒட்டக் கூடாது, ஒரே இடத்தில் தினமும் ஒட்டக் கூடாது, இதையெல்லாம் நீயும் தெரிந்துகொள்.

பதினெட்டாம் தேதி ஸஹர் முடிந்ததும் 21 ஒட்டினேன். அன்று அஸருக்குக் கை நடுங்கவில்லை. ஆனால் நோன்பு திறந்ததும் கால் மட்டும் தானாகக் கடைப்பக்கம் போனது, அது வேறு பழக்கம், அதற்குப் பட்டை இல்லை. நான் புர்காவைப் போட்டுக்கொண்டு பொன்னுரங்கம் கடை வாசலில் போய் நின்றேன். மானத்தை வாங்காதே அன்வரி என்றார். பிரிந்த தையலை மானம் வந்து தைக்காது, நான் நிற்கிறேன் என்றேன். மூன்று நாள் நின்றேன். நாலாம் நாள் பொன்னுரங்கமே, வூட்டுக்குப் போ பாயம்மா, நீ நின்னா ஒருத்தனும் கிட்ட வரமாட்றான், பாயிக்கு நான் குடுக்க மாட்டேன், என் புள்ளைங்க மேல சத்தியம் என்றான்.

இப்படி ஒன்பது நாள் போன பிறகுதான் நேற்று நோன்பு திறந்த நேரத்தில் உன் போன். அத்தா நீ சொன்னதைக் கேட்டுவிட்டார். ரிசீவரை வைத்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, பையனே சொல்லிட்டான், உனக்கென்ன என்று கிளம்பினார். நான் போகவில்லை, முஸல்லாவை விரித்து உட்கார்ந்து அல்லாஹ்விடம் கேட்டேன். பொன்னுரங்கத்திடமும், என் மகன் அமெரிக்காவில் இருந்து சொல்லிட்டான், கொடு என்றாராம். அமெரிக்காவுல கீறவரு வந்து உன் வவுத்தத் தைப்பாரா, போ நைனா என்றானாம். வெறும் கையோடு வந்தார். ஜஹீதா தேநீர் கொடுத்தாள், அதைத் தொடவில்லை.

காஷிஃப், உன்னை நான் கோபித்துக்கொள்ளவில்லை, பாசத்தில்தான் சொன்னாய். ஆனால் நீ இரக்கப்பட்டுச் சொன்ன ஒரு வார்த்தை அவருக்கு அனுமதிச் சீட்டு. இனி அதைச் சொல்லாதே. போன் செய்தால், இன்று எத்தனையாவது நாள் அத்தா என்று அவரிடமே கேள், அவர் வாயால் சொல்லட்டும். 21-இல் இருபத்தெட்டு அனுப்பினாய், தஹ்சீன் ஒன்றை வீணாக்கினான், பிப்ரவரி பதின்மூன்று வரை வரும், இன்னும் பதினைந்து வேண்டும். 21 மட்டும் அனுப்பு, 14-உம் 7-உம் இருப்பதே போதும். தபாலிலேயே, அட்டைப்பெட்டியும் காகிதமும் கழற்றாமல் அனுப்பு. ஆபரேஷன் மார்ச் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை. அன்று நோன்பு வைக்க முடிந்தால் அத்தாவுக்காக வை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான வருமானத்தையும் நல்ல துணையையும் தருவானாக. இன்று ஸஹரில் அத்தா பேசாமலே சாப்பிட்டார், பேசாமலே கை கழுவினார். நான் பீரோவைத் திறக்கவில்லை, அவர் கேட்கட்டும் என்று இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, சட்டைக் கையை மேலே சுருட்டி என் பக்கம் நீட்டினார். ஒட்டினேன். பத்தாம் நாள்.

உன் அம்மா,
அன்வரி பேகம்