லைட் அடிக்காத நாட்கள்

மார்ச் 3, செவ்வாய்

படிவம் அச்சுக்குப் போயிற்று. நேரம், திசை, வண்டி எண், உள்ளே எத்தனை பேர். அடியில் ஒரு குறிப்பு: அடித்துத் திருத்திய வரி இருந்தால் தாள் செல்லாது. மூன்று வாரம் யோசித்து நானே உருவாக்கியது. பார்க்க அழகாகவே இருக்கிறது.

அலுவலகத்துக்கு அண்ணன் வேனில்தான் வந்தேன். ஸ்டாண்டில் இருபது நிமிடம். பதினான்கு சீட்டும் நிறையாமல் வண்டி நகராது. பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதினேன் — 'முறைசாராப் போக்குவரத்தில் காத்திருப்பு'. நாற்பது பக்கம். அண்ணன் அதை ஒரு வரியில் சொல்வான்: "நெறைஞ்சா கெளம்பும்."

"ஏன் ஆராய்ச்சி, உங்க ஆபீஸ்ல எங்களுக்கு எப்பத்தான் பெர்மிட் குடுப்பாங்க?"

ஆராய்ச்சி என்பது நான். வேலை கிடைத்ததிலிருந்து வீட்டில் இந்தப் பெயர்தான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 5, வியாழன்

வீட்டில் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

இருபது வருடமாக இந்தத் தடத்தில் வேன்கள் ஓடுகின்றன. ஒன்றுக்கும் பெர்மிட் கிடையாது. பள்ளி, ஆஸ்பத்திரி, ஆலை எல்லாம் இவற்றை நம்பித்தான் நடக்கின்றன. ஆனால் அரசின் வரைபடத்தில் இந்தச் சாலை வெறும் கோடு. இப்போது அதற்கு ஒரு திட்டம். ஒரு நாள் எண்ணுவோம். முப்பது வேனுக்கு மேல் ஓடினால் தடத்துக்கு அங்கீகாரம், எண்ணிய வண்டிகளுக்கு பெர்மிட், ஸ்டாண்டுக்குக் கூரை, பயணிகளுக்குக் காப்பீடு. முப்பதுக்குக் கீழே என்றால் தடம் பஸ் கம்பெனிக்கு.

நாற்பதுக்கு மேல் ஓடுகின்றன. எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே எண்ணியிருக்கிறேன்.

"தேதி வெளிய தெரியக் கூடாது," என்றார் அதிகாரி. "தெரிஞ்சா மூலையில துருப்பிடிச்சுக் கெடக்கறதெல்லாம் ரோட்டுக்கு வந்துடும்."

நியாயம்தானே? நியாயம்தான்.

மார்ச் 11, புதன்

ஆலை முக்கில் காலை ஆறிலிருந்து பத்து வரை நின்றோம். நான்கு பேர், மஞ்சள் கோட்டு, கையில் அட்டை. தூசிக்காக முகத்தில் துணி கட்டியிருந்தேன்.

ஆறே காலுக்குள் ஆறு வேன்கள். பிறகு ஒன்றும் இல்லை.

ஏழு மணி. ஒன்றும் இல்லை. எங்கோ விபத்து என்று நினைத்தேன். அண்ணன் ஞாபகம் வந்தது. எட்டு. ஆலைக்குப் போகிற பெண்கள் கூட்டமாக நடந்து வந்தார்கள். "இன்னிக்கு வேனெல்லாம் எங்கடி தொலைஞ்சுது?" என்று ஒருத்தி கேட்டுக்கொண்டே போனாள். நடப்பவர்களுக்குப் படிவத்தில் இடமில்லை.

பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். மொத்தம்: 6.

பிற்பகல் வீட்டுக்கு வந்தால் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரே குஷி.

"இன்னிக்கு ஆலை முக்குல பெரிய செக்கிங். மஞ்சக் கோட்டுக்காரங்க நாலு பேரு. தூரத்துலயே பாத்துட்டேன். நான்தான் மொதல்ல லைட் அடிச்சேன். அஞ்சே நிமிஷம், எல்லா வண்டியும் பின் சந்துல. ஒருத்தன்கூட மாட்டல தெரியுமா!"

"சும்மாவா, எங்க வீட்டுக்காரரு கண்ணு கழுகுக் கண்ணு," என்றாள் அண்ணி.

எதிரே வருகிற வண்டிக்கு ஹெட்லைட்டை இரண்டு தரம் போட்டு அணைத்தால் முன்னால் போலீஸ் என்று அர்த்தம். இருபது வருடப் பழக்கம். யாரும் யாருக்கும் கற்றுக் கொடுத்ததில்லை. ஆய்வேட்டில் அடிக்குறிப்பாகக்கூட எழுதியிருக்கிறேன். நானே எழுதிவிட்டு நானே போய் மஞ்சள் கோட்டு மாட்டிக்கொண்டு —

என் பையில் கோட்டின் ஓரம் வெளியே தெரிந்தது. அண்ணன் அதைப் பார்த்தான். பிறகு என்னை.

சொன்னேன். எல்லாவற்றையும்.

அவன் எழுந்து கை கழுவப் போனான். தட்டில் பாதி அப்படியே இருந்தது.

மார்ச் 12

ஆறு.

மார்ச் 16, திங்கள்

அதிகாரியிடம் போய் நின்றேன். வேன்கள் இருக்கின்றன சார், பயந்து ஒளிந்துகொண்டார்கள் என்றேன்.

"ஒளிஞ்சதை எந்தக் கட்டத்துலம்மா எழுதறது? உன் ஃபார்ம்லயே எடம் இல்லையே."

கெட்ட மனிதர் இல்லை. என் நாற்காலி ஆடுகிறது என்று தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தவர். அதனால்தான் கோபப்படக்கூட முடியவில்லை.

மார்ச் 20, வெள்ளி

ஸ்டாண்டில் கூட்டம். அண்ணன்தான் என்னை அழைத்துப் போனான். நடுவில் நிறுத்தி, "இவதான் எண்ணினது, நான்தான் லைட் அடிச்சது. ரெண்டு பேரும் ஒரே வீடு. திட்டறதுன்னா சேத்துத் திட்டுங்க," என்றான்.

ஹாரன்தான் முதலில் சிரித்தார். அவர் வண்டியில் ஹாரன் வேலை செய்யாது. தலையை வெளியே நீட்டிக் கத்துவார், அதனால் அந்தப் பெயர்.

"யம்மாடி ஆராய்ச்சி, நாப்பது வண்டியை ஒரே நாள்ல காணாமப் பண்ணிட்டியே. மந்திரவாதிகூட ஒரு மொசலைத்தான் மறைப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். சிரித்து முடித்ததும் ஒருவர் கேட்டார்: "அப்ப, அடுத்த மாசத்துலேர்ந்து நாங்க என்ன பண்றது?"

மனு எழுதினேன். நாற்பத்தொரு கையெழுத்து. வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே உருப்படியான ஒன்று அதுதானோ.

மார்ச் 27, வெள்ளி

மறு எண்ணிக்கைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஏப்ரலில் ஏதோ ஒரு நாள். தேதி அதிகாரிக்கும் எனக்கும் மட்டும்.

"உங்க அண்ணன் அந்த ரூட்லதான் ஓட்டறாருன்னு தெரியும். தேதி கசிஞ்சுதுன்னு ஒரு புகார் வந்தாப் போதும், நாப்பது பேருக்கும் போச்சு. மூணாவது தடவை கெடையாது."

ஏப்ரல் 16. இங்கே மட்டும் எழுதுகிறேன். இந்த நோட்டை இனி என் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும்.

மார்ச் 29, ஞாயிறு

ஸ்டாண்டில் முடிவெடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் ஒன்றிலிருந்து யாரும் லைட் அடிக்கக் கூடாது, சந்துக்குள் போகக் கூடாது. எந்தக் கோட்டு நின்றாலும் நேரே போக வேண்டும்.

போக்குவரத்துப் போலீஸ் வேறு துறை. அங்கீகாரம் வரும்வரை பெர்மிட் இல்லாத வண்டியைப் பிடிப்பது அவர்கள் வேலை. அவர்களிடம் பேசச் சொல்லி அதிகாரியைக் கேட்டேன். கடிதம் அனுப்பியிருக்கிறாராம். கடிதம் போய்ச் சேருவதற்குள் ஏப்ரல் முடிந்துவிடும்.

எண்ணப்பட வேண்டுமானால் கண்ணில் பட வேண்டும். கண்ணில் பட்டால் பிடிப்பார்கள். இதற்கு எந்தப் புத்தகத்தில் என்ன பெயர்? இருக்கும். தேடிப் பார்க்க விருப்பமில்லை.

ஏப்ரல் 4, சனி

இரண்டு வண்டிகள் மாட்டின. எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 8, புதன்

ஹாரன் மாட்டினார். போலீஸ்காரரிடம், "சார், இருபது வருஷமா ஒளிஞ்சு வெளையாடினோம். இப்ப நாங்களே வந்து அவுட் குடுக்கறோம்," என்றாராம். நாள் முழுக்க வண்டியை நிறுத்தி வைத்து, சாயங்காலம்தான் விட்டார்கள்.

இன்னும் எட்டு நாள். தினமும் மனதுக்குள் கழித்துக்கொண்டே வருகிறேன். குளிக்கும்போது, நடக்கும்போது, கூட்டத்தில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது.

ஏப்ரல் 12, ஞாயிறு

அண்ணன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். குழாயை நான் பிடித்திருந்தேன்.

"மூணு பேரு இனிமே முடியாதுங்கறாங்க. இன்னொரு தரம் மாட்டினா வண்டியையே எடுத்துட்டுப் போயிடுவாங்க. நான்தான் கெஞ்சி நிறுத்தி வெச்சிருக்கேன்." சக்கரத்தைத் தேய்த்தபடி, என்னைப் பார்க்காமல், "எத்தனை நாள்னு மட்டும் சொல்லு. தேதி வேணாம். ஒரு வாரமா, ரெண்டு வாரமா?" என்றான்.

தண்ணீர் அவன் காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"வேணாம், விடு," என்றான் அவனே. "தெரிஞ்சா என் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். ஸ்டாண்டுல ஒருத்தனும் நம்ப மாட்டான்."

நாலு நாள் அண்ணா. நாலே நாள். வாய்வரை வந்தது. விழுங்கிட்டேன். ஏன் விழுங்கினேன்? மற்ற நாப்பது பேருக்காகவா, என் வேலைக்காகவா? தெரியல. நெஜமாவே தெரியல.

ஏப்ரல் 14, செவ்வாய்

அண்ணன் வண்டியைப் பிடித்துவிட்டார்கள்.

ஆலை முக்கில் நான்கு போலீஸ்காரர்கள். அவன்தான் வரிசையில் முதல். திரும்பியிருக்கலாம், சந்து பக்கத்திலேயே இருந்தது. பின்னால் வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்று நேரே போனானாம். பயணிகளை இறக்கிவிட்டு வண்டியைப் போலீஸ் மைதானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விசாரணை முடிந்து வெளியே வர மூன்று வாரமாவது ஆகும்.

அண்ணிதான் ஃபோனில் சொன்னாள். அழவில்லை. "உனக்குத் தேதி தெரியும்ல?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 15

இன்னும் ஒரு நாள். ரெண்டே ரெண்டு நாள் அவனை வீட்ல இருக்கச் சொல்லியிருந்தா —

காய்ச்சல்னு ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். சாவியை ஒளிச்சு வெச்சிருக்கலாம். எவ்வளவு வழி இருந்தது. படிச்சவளாம். ஆராய்ச்சியாம்.

ஏப்ரல் 16, வியாழன்

ஆலை முக்கு. ஆறு மணி. மஞ்சள் கோட்டு. இன்று முகத்தில் துணி கட்டவில்லை.

வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக. யாரும் லைட் அடிக்கவில்லை, யாரும் திரும்பவில்லை. எங்களைக் கண்டதும் சிலருக்கு முகம் வெளிறியது. பிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே நேரே வந்தார்கள். ஒரு வண்டி எண்ணையும் அடித்துத் திருத்தாமல் எழுதினேன்.

எட்டேகாலுக்கு ஹாரனின் வேன். முன் சீட்டில் அண்ணன்.

என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். இன்றுதான் என்று. கண்ணை எடுத்துக்கொண்டு நேரே பார்த்தான். நான் எழுதினேன்: 8.15, கிழக்கு, வண்டி எண், பயணிகள் 14. பதினான்கில் ஒருவன் என் அண்ணன்.

பத்து மணிக்குக் கூட்டிப் பார்த்தேன். 37. மூன்று பேர் கடைசியில் பயந்து வராமலே இருந்துவிட்டார்கள். தாளில் ஒரு வரி காலியாக இருந்தது. அண்ணன் வண்டி எண் எனக்குத் தூக்கத்தில்கூட வரும். எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது. அது பொய்யும் இல்லையே — அந்த வண்டி இருபது வருடமாக அந்த முக்கைத் தாண்டிக்கொண்டுதானே இருந்தது?

இன்று தாண்டவில்லை. அது மைதானத்தில் நிற்கிறது என்று போலீஸ் ஏட்டில் தேதியோடு இருக்கிறது.

பேனாவை மூடினேன். அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது.

மே 5, செவ்வாய்

தடத்துக்கு அங்கீகாரம் வந்துவிட்டது. முப்பத்தேழு பெர்மிட். ஸ்டாண்டில் பட்டியலை ஒட்டினேன். கைதட்டினார்கள். அடுத்த பட்டியல் மூன்று வருடம் கழித்து.

அண்ணன் வண்டி நேற்று வெளியே வந்தது. இனி இந்தத் தடத்தில் அது ஓட முடியாது. வீட்டு வாசலில் உறை போட்டு நிற்கிறது. அண்ணி என்னோடு பேசுகிறாள், தேவைக்கு மட்டும்.

மே 11

"நீ சொல்லாததுதான் சரி," என்றான் அண்ணன். நான் கேட்கவே இல்லை. மறுபடியும் அதையே சொன்னான். ஒரு தரத்தோடு நிறுத்தியிருந்தால் நம்பியிருப்பேன்.

ஜூன் 8, திங்கள்

ஸ்டாண்டுக்குக் கூரை போட்டுவிட்டார்கள். வேன்களில் பெரிய எழுத்தில் எண். ஹாரனுக்கு 22. இன்றிலிருந்து அந்த வண்டியில் காலை முறை அவர், பகல் முறை அண்ணன். ஹாரனும் சரிசெய்தாயிற்று, ஆனாலும் அவர் கத்துவதை விடவில்லை.

இன்று அரை நாள் விடுப்பு. அண்ணனின் முறையில் ஏறினேன். பதினான்கு பேர் நிறைந்ததும் கிளம்பியது.

ஆலை முக்குக்கு முன்னால் எதிரே வந்த வேன் இரண்டு தரம் லைட் அடித்தது. சும்மா, ரொம்ப நாள் கழித்து அண்ணனைப் பார்த்த சந்தோஷத்தில்.

வண்டி சடாரென்று பின் சந்துக்குள் திரும்பியது. எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தோம்.

"டிரைவரே, இது ரூட் இல்லையே?" என்றார் பின்சீட்டுக்காரர்.

அண்ணன் வண்டியை நிறுத்தினான். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். காதோரம் வியர்வை. கண்ணாடியில் என்னைப் பார்த்தான், நான் பார்வையை எடுக்கவில்லை.

"மறந்துட்டேங்க," என்றான்.

ரிவர்ஸ் போட்டான். மெதுவாகப் பின்னால் வந்து, முக்கில் நின்ற போலீஸ்காரரின் கண்ணெதிரே, பட்டப்பகலில் ஹெட்லைட்டை எரியவிட்டபடி, சாலைக்கு ஏறினான்.