முப்பத்தாறு அங்குல மேசை

பழனிசெட்டிபட்டி
16.7.2024

அன்புள்ள ஜாய்ஸுக்கு,

கர்த்தருடைய கிருபையால் அம்மாவும் நானும் சுகம். நீயும் உன் அக்கா மகிமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் இதைக் காய்கறி மூட்டைக்குள் வைத்து, போடி பஸ் கண்டக்டர் குருசாமி அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். மூட்டையையாவது வாங்கிக்கொள்வாய் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை அடித்த காற்றில் நம் கொல்லைப் பலாமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. நல்லவேளை, கிணற்றுப் பக்கம் விழுந்தது. அன்றிலிருந்து நான் உட்காரவே இல்லை. கிளைகளை வெட்டி அவரைப் பந்தலுக்குக் கால் நட்டேன். தழை பக்கத்து வீட்டு ஆடுகளுக்குப் போயிற்று. பழத்தில் பாதி சபைக்கு, பாதி உனக்கு. கொட்டையைக் கழுவிக் காயவைத்தேன். கடையை மதியம்தான் திறக்கிறேன், அங்கேயும் மனம் நிற்கவில்லை. அடிமரம் அப்படியே மஞ்சளாகக் கிடக்கிறது. அதில் நீ துணி வெட்ட ஒரு மேசை செய்யப் போகிறேன்.

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் ஆறு மாதமாகிறது. எப்போது வருகிறாய்?

உன்
செல்வமணி


போடி
21.7.2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். மூட்டை வந்தது. கத்தரிக்காய்க்கு மேலே பலாப்பழத்தை வைத்துக் கட்டுவார்களா? பாதி கூழாகிவிட்டது. பலாக்கொட்டை போட்டு அக்கா குழம்பு வைத்தாள், நன்றாக இருந்தது.

மேசை என்று எழுதியிருக்கிறீர்கள். மேசை இருந்தால் மெஷின் வேண்டாமா? நான் சம்பாதித்து வாங்கிய தையல் மெஷினை, "சும்மாதான கிடக்கு" என்று உங்கள் தங்கை சினேகாவுக்குத் தூக்கிக் கொடுத்தீர்கள். அத்தை சொன்னாக, நீங்கள் செய்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கிளம்பியது அதனால்தான் என்று உங்களுக்கு இப்போதாவது புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

இருந்தாலும் சொல்கிறேன். தரையில் குனிந்து வெட்டி என் இடுப்பு போய்விட்டது. செய்தால் முப்பத்தாறு அங்குல உயரம் வையுங்கள், நின்று வெட்ட அதுதான் எனக்குச் சரி. ஆனால் அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அந்த வீட்டில் எனக்கென்று ஒரு பொருள் இருக்கட்டும். இருந்தால் நான் வருகிறேன்.

பச்சை மரம், நிழலில் ஆறு மாதம் காய வேண்டும். உங்களால் பொறுக்க முடியாது, அதுவும் தெரியும்.

ஜாய்ஸ்


பழனிசெட்டிபட்டி
20.10.2024

அன்புள்ள ஜாய்ஸுக்கு,

நீ சொன்னது சரி, என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்று மாதம் தாங்கியதே பெரிது. ராத்திரி பகலாகப் பலகையைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு காலில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கிறது, மெழுகு வைத்து அடைத்துவிட்டேன். சரியாக முப்பத்தாறு அங்குலம். உன்னை மனதில் நிறுத்தி அளந்தேன். மரத்தூளை முருங்கை மூட்டில் கொட்டினேன். இந்தத் தடவை மூட்டையில் அவரைக்காய்தான்; அதைப் பலாப்பழத்துக்குக் கீழே வைக்கவில்லை, பலாவே இல்லையே!

நவம்பர் பத்தாம் தேதி நம் சபையில் அறுப்பின் பண்டிகை. அன்றைக்கு வந்து மேசையைப் பார்.

உன்
செல்வமணி


பழனிசெட்டிபட்டி
11.11.2024

அன்புள்ள ஜாய்ஸுக்கு,

நேற்று உன்னைக் காணவில்லை. உனக்கு வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மரத்தின் முதல் பலன் கர்த்தருக்கு என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். நம் பூசணியோடும் வாழைத்தாரோடும் மேசையையும் உன் பெயரில் காணிக்கையாக வைத்தேன். காணிக்கையை ஏலம் விடும்போது வைத்தவரே அதிக விலை கேட்டுத் திரும்ப எடுப்பது வழக்கம்தானே. உன் பெயரைச் சொல்லி வாசிப்பார்கள், ஜெபம் பண்ணுவார்கள், பிறகு நான் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பஜார் ஏசுதாசன் மாமா விலையை ஏற்றிக்கொண்டே போனார். நானும் கேட்டேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "கர்த்தருக்குன்னு வச்சதுக்குப் போட்டி போடுறியாலே? ஊரே பாக்குது, கைய இறக்கு" என்றாள். இறக்கிவிட்டேன். கையில் பணம் இருந்தது, ஜாய்ஸ். அதை மறைக்க மாட்டேன்.

இன்று காலை அவர் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன். மேசைக் கால்களை அறுத்துக் குட்டையாக்கிச் சாப்பாட்டு மேசை ஆக்கிவிட்டாராம். அடிமரம் இன்னும் பாதி இருக்கிறது. இன்றைக்கே அறுக்கக் கொடுக்கிறேன், கிறிஸ்துமஸுக்குள் வேறொன்று முடித்துவிடுகிறேன். கோபத்தை மட்டும் எழுதி அனுப்பு, போதும்.

உன்
செல்வமணி


போடி
15.11.2024

அத்தானுக்கு,

நான் வந்திருந்தேன். கைப்பையில் நான்கு புடவையோடு வந்து, பண்டிகை விருந்துக்கு அசனம் சமைக்கிற பந்தலுக்குப் பின்னால் நின்றேன். என் பெயரை வாசித்ததும் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். நீங்கள் கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. "விட்ராதீக" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். அத்தை சட்டையைப் பிடித்ததைப் பார்த்தேன். உங்கள் கை இறங்கியதையும் பார்த்தேன். சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

கோபத்தை எழுதச் சொல்கிறீர்கள். தேடித்தான் பார்க்கிறேன், வரவில்லை. அழுகைதான் வருகிறது, அதுவும் இரண்டு நாளில் நின்றுவிடும்.

இன்னொரு மேசை செய்ய வேண்டாம். மீதிப் பலகையில் அத்தைக்கு ஒரு முக்காலி செய்து கொடுங்கள், முழங்கால் வலியோடு தரையில் உட்காருகிறாக. இனி மூட்டை அனுப்பாதீர்கள், குருசாமி அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். அவரையை வாடவிடாமல் அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள்.

நான் வரமாட்டேன், அத்தான்.

ஜாய்ஸ்