பெயர் வெட்டிய தட்டு

14 ஜூன் 1997, சனிக்கிழமை. பேர்லேண்ட்.

இன்று சாயங்காலம் இவர் பேக்யார்டு வேலியில் என் எவர்சில்வர் தட்டைத் தொங்கவிட்டு ஏர்கன்னால் சுட்டார். கல்யாணத்துக்கு அப்பா என் பெயர் வெட்டிக் கொடுத்த தட்டு. அட்டைப்பெட்டியில் பழைய பேப்பரை அடைத்து அதைத்தான் சுட வேண்டும், இரும்பைச் சுடக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஏர்கன் வாங்கிய அன்றே சொல்லியிருந்தார். இவருக்கு ‘டங்’ என்று சத்தம் கேட்க வேண்டுமாம்.

இரண்டாவது குண்டு தட்டில் பட்டுத் திரும்பி, சமையலறைக் கண்ணாடிக் கதவில் வந்து அடித்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். என் முகத்துக்கு நேரே விரிசல் விட்டது.

ஓடி வந்தார்.

“ஸாரிம்மா. நாளைக்கே பெட்டி வெச்சுடறேன். நான் ஷூட் பண்றப்போ நீ பேக்யார்டுக்கு வராதே. உள்ளயே இரு, அதான் சேஃப்.”

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்த நாட்டில் வேலைக்குப் போக விசா இல்லை. செருப்பு மாட்டிக்கொண்டு நான் போகிற ஒரே இடம் அந்தப் பேக்யார்டுதான். இவர் வீட்டில் இருக்கிற சனி, ஞாயிறு இரண்டு நாளும் இனி அதுவும் கிடையாது.

“நான் உள்ளதானே இருந்தேன்” என்றேன்.

“ஆமா, அதனாலதான் தப்பிச்சே” என்றார்.