தரைத்தளத்தில் ஓர் அறை

என் அக்காவுக்கு,

உன் மகன் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் இனி நீ ஒருத்திதான் என்பதால், அரசுக் குடியிருப்பு விதிப்படி இரண்டு அறை வீட்டைக் காலி செய்ய வேண்டும். மேலாளர் நான்தானே, நோட்டீஸில் நானே கையெழுத்துப் போட்டேன்.

"மாமா, லிப்ட் வராமலே கதவு திறக்குது" என்று அவன் மூன்று தடவை வந்து சொன்னான். பழுது பார்த்தால் வாடகையை ஏற்ற வேண்டும், இல்லாதவர்கள் எங்கே போவார்கள் என்று தள்ளிப்போட்டேன். அந்த லிப்ட் பள்ளத்தில் அவனே விழுவான் என்று யார் கண்டது?

அவன் புகார் சொல்லவே இல்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கேட்டால் நீயும் அப்படியே சொல், அக்கா. தரைத்தளத்தில் காற்றோட்டமான அறையாகப் பார்த்து ஒதுக்கித் தருகிறேன்.

உன்னை விட்டால் வேறு யாருமில்லாத,
தம்பி