பெர்லின் பெயரில் ஒரு ஸ்தோத்திரக் கவர்

அன்பு மகள் பெர்லினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே லோத்குண்டா வீட்டில் நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை கலேப்பும் அப்படியே இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, நீ சொல்லிக்கொடுத்த பயிற்சியை நான் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ போனை எடுக்கவில்லை, கோபம் நியாயமானதுதான். போனில் நான் ஒன்று சொல்ல நீ ஒன்று நினைக்கிறாய், அதனால் தாளை எடுத்துவிட்டேன். இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறாள் அம்மா, தபாலில் போட்டால் அது வந்து சேர்வதற்குள் நீ டாக்டரோ பெரிய நர்ஸோ ஏதோ ஒன்றாகி ரிட்டயரும் ஆகிவிடுவாயாம்.

நடந்தது இதுதான். நீ இரண்டு இடத்திலும் சீட் கிடைத்திருக்கிறது என்று சொன்ன நாளிலிருந்து எனக்குத் தலை சுற்றுகிறது. ஒன்று, இப்போதைய நர்ஸ் வேலையை விடாமலே மேலே படித்து, நோயாளியை நீயே பரிசோதித்து மருந்தும் எழுதிக்கொடுக்கிற பெரிய நர்ஸ் ஆவது. மற்றது, வேலையை விட்டுவிட்டு மெடிக்கல் காலேஜில் முதல் வருஷத்திலிருந்து தொடங்குவது. இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். மருந்து எழுதலாம் ஆனால் டாக்டர் இல்லை என்றால் அது என்ன என்று நான் கேட்க, நீ விளக்க, எனக்குப் புரிந்தமாதிரி இருந்தது, போனை வைத்ததும் போய்விட்டது. மாப்பிள்ளையைக் கேட்டால் அவள் இஷ்டம் மாமா என்கிறார், நல்ல பிள்ளைதான், ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. சரி, சபையாரை ஜெபிக்கச் சொல்லலாம் என்று போன ஞாயிறு கோவிலுக்குச் சீக்கிரமே போனேன். ஜெப விண்ணப்பச் சீட்டு தீர்ந்துபோயிருந்தது. பக்கத்தில், கிடைத்த நன்மைக்கு நன்றி சொல்லிப் போடுகிற ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் இருந்தது, அதிலேயே 'மகள் பெர்லின், டாக்டர் படிப்பு' என்று எழுதி, வெறும் கவராகப் போடக் கூச்சமாக இருந்ததால் காணிக்கையும் வைத்து, விண்ணப்பப் பெட்டியில்தான் போட்டேன். பெட்டிகளைத் திறந்து எடுக்கிற கோவில்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, இது தவறி விழுந்திருக்கிறது என்று எடுத்து ஸ்தோத்திரக் கவர்களோடு சேர்த்துவிட்டார். போதகர் ஐயர் அத்தனை பேர் முன்னால், கொர்னேலியஸ்-லோயிஸ் தம்பதியர் தங்கள் மகள் பெர்லினின் டாக்டர் படிப்புக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறார்கள் என்று வாசித்தார். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் வந்து கைகொடுத்தார்கள். அம்மா வாயைத் திறப்பதற்குள் நம் சபைப் புஷ்பா பெண்கள் ஐக்கியச் சங்க வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள், அது அங்கே உன் வார்டில் இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டது.

அன்றைக்கே போனில் நீ கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. அப்போ நர்ஸ் மக உங்களுக்குப் போதலையாப்பா என்று கேட்டாய். நான் உடனே இல்லையம்மா என்று சொல்லியிருக்கவேண்டும், அங்கே குளிர் எப்படி என்று பேச்சை மாற்றினேன். ஏன் என்று உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்தக் கைகொடுத்தல் எனக்குப் பிடித்திருந்தது. குஷாய்குடா பேக்டரியில் என்னோடு வேலை பார்த்த நாளிலிருந்தே என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ராஜகோபால்கூட ரோட்டைக் கடந்து வந்து கைகொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், கைக்கு, எதுக்கு இத்தனை சந்தோஷம், புள்ள டாக்டர் ஆவப்போறாள்னா, இல்ல உங்களுக்கு நாலு பேரு கைகொடுத்தாங்கன்னா என்று.  செவ்வாய்க்கிழமை பக்கத்துவீட்டுக் கல்பகம் சுகர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், வழக்கம்போல் உனக்கு அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, நக்கோ அங்கிள், வேணாம், இனிமே அவங்க டாக்டரம்மா, இதுக்கெல்லாம் தொந்தரவு பண்ணக்கூடாது என்று திரும்பிப் போய்விட்டாள். இத்தனை வருஷம் இந்தத் தெருவே உன்னிடம் கேட்டுத்தான் மாத்திரை விழுங்கியது, அதற்கு எவரும் ரோட்டைக் கடந்து வந்து எனக்குக் கைகொடுத்ததில்லை. இதில் எது பெரிது என்று யோசித்தால், காலையில் டாக்டர் என்று தோன்றுகிறது, காபி ஆறுவதற்குள் நர்ஸ் என்று தோன்றுகிறது. முப்பது வயதுக்குமேல் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து ஏன் கஷ்டப்படவேண்டும் என்று வருத்தமாக இருக்கிறது, பிறகு ஆசை இருந்தால் நான் யார் தடுக்க என்றும் இருக்கிறது. அப்பாவிடம் ஆலோசனை எதிர்பார்க்காதே, என்னிடம் குழப்பம்தான் இருக்கிறது. ஊர் கைதட்டிவிட்டதே என்று மட்டும் டாக்டருக்குப் போய்விடாதே, அப்பாமேல் கோபம் என்று மட்டும் அதை விட்டுவிடவும் செய்யாதே.

நேற்று ஐயரைப் பார்த்து, அறிவிப்பைத் திருத்தவேண்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஏறெடுத்த ஸ்தோத்திரத்தை எப்படி ஐயா திரும்ப வாங்குவது, வேண்டுமானால் இன்னொரு கவர் கொடுங்கள் என்றார். சாயங்காலம் நானும் அம்மாவும் புதுக் கவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். என்ன காரணம் எழுதினாலும் எனக்கு இடித்தது. கடைசியில் அம்மா பேனாவைப் பிடுங்கி எழுதி ஒட்டிவிட்டாள். மாதக் கடைசிக்கு முன் நீயே முடிவெடு, எங்களுக்கு அப்புறம் சொன்னால் போதும். நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே, வரும் ஞாயிறு ஆராதனையை யூடியூபில் போடுவார்கள், முழித்திருந்தால் பார். ஐயர் 'மகள் பெர்லினுக்காக' என்று வாசித்துவிட்டு நிறுத்திவிடுவார். மீதியைப் படிக்க மறந்துவிட்டார் என்று நினைத்துவிடாதே, அவ்வளவுதான் எழுதியிருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
கொர்னேலியஸ்